பதினாறு வயதில் பீடி, சிகரெட்: ஊர்ப் பிள்ளையை நிறுத்த வைக்க ஒரு முழு வழிகாட்டி

“போயி ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா சாமி” என்று ஏழு வயதில் பெட்டிக்கடைக்கு அனுப்பிய அதே வீட்டில்தான், பதினாறு வயதில் அவன் தம் அடித்து மாட்டிக்கொண்டதும் பெல்ட் கழற்றப்படுகிறது. அடி வாங்கிய பையன் பழக்கத்தை விடுவதில்லை, இடத்தை மாற்றிக்கொள்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிடித்தவன் காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பிடிக்கிறான். இல்லாவிட்டால் வாசனை வராத புகையிலைப் பொட்டலத்துக்கு மாறி உதட்டுக்குள் அதக்கிக்கொள்கிறான்.

13 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறோம்: பெற்றோர், தாய்மாமன், அத்தை, பள்ளி ஆசிரியர், பி.இ.டி. வாத்தியார், கிராம சுகாதாரச் செவிலியர், தறிப்பட்டறை முதலாளி, எஸ்டேட் மேஸ்திரி. ஏற்காட்டைச் சுற்றியுள்ள நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை போன்ற மலை ஊர்களையும், கீழே ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடிப் பக்கத்தையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். பையன் தம் அடிப்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட ஆளோடு. இந்த மூன்றையும் கண்டுபிடித்து மாற்றாமல், கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினால் அது அடுத்த சந்தை நாள் வரைக்கும்கூடத் தாங்காது.

உடம்புக்குள் நடப்பது

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குறையும்போது வரும் எரிச்சலும் பரபரப்பும் அடுத்த பீடியைக் கேட்கும். “தம் அடிச்சா டென்ஷன் போவுது” என்று பையன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த டென்ஷனில் பெரும்பங்கை உண்டாக்கியது முந்தைய தம்தான்.

மூளை முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் குறைந்த அளவிலேயே அடிமையாகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று மட்டும் பிடிக்கிறவனுக்கும் ஏக்கம் வரும். “எப்பவாச்சும்தான் மாமா” என்று அவன் சொன்னால் நம்புங்கள். அதற்காக அவன் சுலபமாக விட்டுவிடுவான் என்று கணக்குப் போடாதீர்கள். 2019இல் எடுத்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரை உள்ள இந்திய மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். உங்கள் பிள்ளை மட்டும் கெட்டுப்போனான் என்ற புலம்பலுக்கு இடமில்லை.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் நான்கு சமாதானங்களுக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பையன் இவற்றை உண்மையாகவே நம்புகிறான். பதில் இல்லாமல் போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மலையில் சொல்வது: “குளுருக்கு ஒரு தம்மு.” நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், விரல் நுனிக்குப் போகும் ரத்தம் குறையும், கை இன்னும் சில்லிடும். நெஞ்சில் சூடு தெரிவது புகையின் எரிச்சல். மார்கழி மாதத்தில் காப்பி பறிக்கும் கைக்குத் தேவை கம்பளிக் கையுறையும் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீரும்.

“பீடி இலைதானே, அது ஒண்ணும் பண்ணாது.” பீடி சுற்றும் தெந்து இலை சிகரெட் தாளைப்போலச் சீராக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமம், பல சமயம் அதைவிட அதிகம்.

“காலைல ஒண்ணு போட்டாத்தான் வெளிக்கி வருது.” இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிக்கோட்டின் குடலைத் தூண்டும். நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் மலச்சிக்கல் வரலாம். இதற்கு முன்கூட்டியே வழி செய்யாவிட்டால் மூன்றாம் நாள் காலையில் இதற்காகவே ஒன்றைப் பற்றவைப்பான். வழி கீழே வருகிறது.

“தறி ராத்திரி ஷிப்ட்டுல தூக்கம் வராம இருக்க.” இது பழக்கத்தைவிட வேலையின் கோளாறு. படிக்கிற வயதில் இரவுத் தறிக்கு அனுப்பிவிட்டு நிறுத்தச் சொல்வது வீண் வேலை. முதலில் ஷிப்ட்டை மாற்றுங்கள்.

யார் பேசுவது, எப்போது

தெரிந்த அன்றே பேசக்கூடாது. கோபம் தணிய இரண்டு நாள் விடுங்கள். பேசுகிறவர் அப்பாவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பாவே பீடி குடிப்பவரானால் அவர் பேசவே கூடாது. பெரும்பாலான வீடுகளில் தாய்மாமன் சரியாக வருவார், பொண்ணுக்கு அத்தை அல்லது சித்தி. பள்ளி என்றால் பாடம் நடத்தும் வாத்தியாரைவிட விளையாட்டு ஆசிரியரின் பேச்சு எடுபடும்.

எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போது, காப்பிச் செடிக்குக் கவாத்து பண்ணும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது பேசுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசும்போது பையன் வாய் திறப்பான்.

“மாப்ள, ஒண்ணு கேக்கறேன். திட்ட மாட்டேன், உங்கப்பன்கிட்டயும் போவ மாட்டேன். தம் அடிக்கறியா?”

“…எப்பவாச்சும் மாமா.”

“செரி. எந்த நேரத்துல ரொம்பத் தேவப்படுது?”

“வாலிபால் முடிச்சுட்டு வர்றப்ப. அப்பறம் டீ குடிச்சா.”

“அது இல்லாம இருக்க முடியுதா, இல்ல கஷ்டமா இருக்குதா?”

“லீவுல பாட்டி ஊருக்குப் போனப்ப ரெண்டு நாளு தல வலிச்சுது மாமா.”

இவ்வளவு போதும். முதல் நாளில் அறிவுரை வேண்டாம், புற்றுநோய்ப் படமும் வேண்டாம். நாற்பது வருடம் கழித்து வரும் நோய் பதினாறு வயதுக்காரனுக்கு அடுத்தவன் கதை. மூச்சு வாங்குவது, வாய் நாற்றம், கைச்செலவு, அணியில் இடம் போவது, இவைதான் அவன் கதை. இதில் எது தன்னை உறுத்துகிறது என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். அவன் சொன்ன காரணத்தை அப்படியே நினைவில் வையுங்கள். பின்னால் அதைத்தான் எடுத்துப் பேச வேண்டும்.

“போவ மாட்டேன்” என்று சொன்ன வாக்கை மீறாதீர்கள். ஒரு முறை மீறினால் அந்தப் பையனிடம் உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உயிருக்கு ஆபத்தான விஷயம் வந்தால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்து நாள் கணக்கு

நிறுத்தச் சொல்லும் முன் ஐந்து நாள் எழுதச் சொல்லுங்கள். நோட்டு வேண்டாம், அது வீட்டில் மாட்டும். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஒவ்வொரு தம்முக்கும் நான்கு விஷயம்: மணி, இடம், கூட யார், எவ்வளவு தேவைப்பட்டது (1 முதல் 5 வரை). பிடித்ததைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அப்போதுதான் உண்மையை எழுதுவான். பொட்டலம் போட்டிருந்தால் அதையும் எழுதட்டும்.

ஐந்தாம் நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அநேகமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: காலை எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கும் இடம், மதியம் பள்ளிச் சுவருக்கு வெளியே, மாலை டீக்கடை, இரவு சாப்பிட்டபின் மொட்டை மாடி. ஏற்காட்டில் சனி, ஞாயிறு மட்டும் எண்ணிக்கை கூடினால், சுற்றுலா வண்டிகளுக்கு வழிகாட்டவோ கடையில் கை உதவிக்கோ போகிறான் என்று பொருள். வெளியூர்க்காரர் நீட்டும் சிகரெட் அங்கே கிடைக்கிறது.

பிறகு இரண்டு கேள்வி. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி வேண்டுமா? காய்ச்சல் வந்து படுத்தபோதும் பிடித்தானா? இரண்டுக்கும் ஆம் என்றால் அடிமைத்தனம் கடுமையானது. அவனை வீட்டு வைத்தியத்தோடு விடாமல், ஆரம்பத்திலேயே மருத்துவ ஆலோசனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும் தாளில் புகையோடு கஞ்சா வந்தால் இந்த வழிகாட்டி போதாது. பீடிப் புகையிலையைத் தட்டிவிட்டு அதில் வைத்து இழுப்பதுண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

செலவுக் கணக்கையும் இப்போதே போட வையுங்கள். அவன் வாங்கும் விலையை அவனே போடட்டும். ஒன்று 20 ரூபாய், நாளுக்கு 2 என்றால் மாதம் 1,200 ரூபாய், ஆறு மாதத்தில் 7,200. வாலிபால் ஷூவின் விலையைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வீட்டை முதலில் சரிசெய்வது

பலரும் தவிர்க்கும் படி இது. அப்பாவோ தாத்தாவோ பீடி குடிக்கும் வீட்டில் பையன் நிறுத்துவது மிகக் கடினம். அப்பா கூடவே நிறுத்தினால் அதைவிட நல்ல மருந்து இல்லை. முடியாது என்றால் குறைந்தது மூன்று விதி: வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் பற்றவைக்கக் கூடாது, பீடிக் கட்டை வெளியே விட்டுவைக்கக் கூடாது, எந்தப் பிள்ளையையும் வாங்கிவரச் சொல்லவோ அடுப்பில் பற்றவைத்துத் தரச் சொல்லவோ கூடாது. பிள்ளை கையில் புகையிலை கொடுப்பதைச் சட்டமும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் மலை வீடுகளில் நிறைய. அவர்கள் மடியிலிருந்து துளி எடுத்து ருசி பார்க்கும் பேத்தியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொண்ணுங்க தம் அடிக்காததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நாள் குறிப்பது

கணக்கு முடிந்ததிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அதைவிடத் தள்ளினால் உற்சாகம் வடிந்துவிடும். தேர்வு வாரம், ஊர்த் திருவிழா, ஆடிப் பண்டிகை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், இவை வரும் வாரங்களை விடுங்கள். காப்பி அறுவடை உச்சத்தில் இருக்கும் டிசம்பர், ஜனவரியும் எஸ்டேட் வேலைக்குப் போகும் பையனுக்குச் சரிவராது. சனிக்கிழமையைத் தொடக்கமாக வைப்பவர்கள் உண்டு, எங்கள் ஓட்டு திங்களுக்கு. பள்ளி நேரத்தில் கை தானாகக் கட்டுப்படும், கஷ்டமான முதல் மூன்று நாளும் பள்ளி நாளிலேயே முடிந்துவிடும்.

ஒரேயடியாக நிறுத்துவதா, குறைப்பதா? நாளுக்கு 5க்குக் கீழே என்றால் ஒரேயடியாக. குறைத்துக்கொண்டே போகிறவன் கடைசி ஒன்றை மட்டும் மாதக்கணக்கில் காப்பாற்றி வைத்துக்கொள்வான், அந்த ஒன்றுதான் மிக இனிக்கும். 10க்கு மேல் போகிறவன் நாள் குறித்த வாரத்தில் பாதியாக்கிவிட்டு, பிறகு நிறுத்தலாம்.

முந்தின இரவு செய்ய வேண்டியது: பள்ளிப்பை, சட்டைப்பை, வண்டி டேங்க் கவர், மாட்டுக் கொட்டகையின் கூரைச் சந்து, எல்லாவற்றையும் அவனே துழாவி எடுத்து நனைத்துக் குழியில் போடட்டும். தீப்பெட்டி, லைட்டரையும் கையில் வைக்காதிருக்கட்டும். புகை வாசம் ஏறிய ஸ்வெட்டரைத் துவைத்துவிடுங்கள். மலையில் துவைத்த துணி மூடுபனியில் இரண்டு நாள் காயாது, எனவே இதை இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். கைச்செலவுக் காசை பஸ் கட்டணத்துக்கு மட்டும் சரியாகக் கொடுங்கள். ஒத்தையாகச் சிகரெட் வாங்கப் பையில் கிடக்கும் சில்லறையே போதும். ஒத்தையாக வாங்குவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அட்டையின் 85 விழுக்காட்டை மூடிய எச்சரிக்கைப் படத்தையும், அதில் அச்சிட்ட இலவச உதவி எண்ணையும் அவன் பார்ப்பதே இல்லை.

முதல் 72 மணி நேரம்

ஏக்கம் அலையாக வரும். ஒரு அலை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம், மிஞ்சினால் 10. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது போய்விடும். பையன் முதலில் கற்க வேண்டிய கணக்கு இதுதான். அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டச் சில வழிகள்:

நடை. ஐந்து நிமிடம் வேகமாக நடந்தாலே ஏக்கம் குறையும். மேட்டில் நடந்தால் இன்னும் நல்லது, மலை ஊரில் மேட்டுக்குப் பஞ்சமில்லை.

மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை வாயால் விடுவது, பத்து முறை. தம் இழுக்கும்போது அவன் செய்வதும் ஆழ மூச்சுதான். அதில் புகையை மட்டும் கழிக்கிறோம்.

வாய்க்கு வேலை. வறுத்த கடலை ஒரு கைப்பிடி, பெருநெல்லி, கொய்யாத் துண்டு, ஒரு கிராம்பு. பாக்கு கூடாது. புகையிலை கலக்காத பாக்கும் தனியாகவே வாய்ப்புற்றுநோய் உண்டாக்கும். பான் மசாலாவுக்கும் இதே பதில்.

டீ, காப்பி. இதைப் பலர் கவனிப்பதில்லை. புகையிலுள்ள பொருட்கள் உடம்பு காபீனைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகையை நிறுத்தியதும் அதே அளவு காப்பியிலுள்ள காபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும், பையனோ அதைச் சிகரெட் இல்லாததால் வந்தது என்று நினைப்பான். எனவே நிறுத்திய நாளிலிருந்து டீ, காப்பியைப் பாதியாக்குங்கள், மாலை நான்கு மணிக்குமேல் வேண்டாம். காப்பி விளையும் மலையில் இதைச் சொல்ல வாய் கூசும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தில் சுக்கு மல்லித் தண்ணீரோ மோரோ கொடுங்கள்.

எரிச்சல், தலைவலி, கவனமின்மை, பசி ஆகியவை இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வீட்டில் இருப்பவர்கள் இந்த மூன்று நாள் அவனோடு சண்டைக்கு நிற்காதீர்கள். தட்டைத் தள்ளினால் தள்ளட்டும். மார்க் பற்றிய பேச்சைப் பத்து நாள் ஒத்திவையுங்கள். இருமலும் சளியும் சில நாள் கூடலாம், மூச்சுக்குழாய் தன்னைத் துடைத்துக்கொள்வதால் வருவது அது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ, இருமல் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ காசநோய்ப் பரிசோதனை அவசியம். அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்வார்கள்.

மலச்சிக்கலுக்கு: எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பத்து நிமிட நடை, தினம் ஒரு கொய்யா அல்லது இரண்டு வாழைப்பழம், மதியம் கீரை. நாள் ஒன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர். இதை நிறுத்தும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால் “வெளிக்கி” சமாதானம் தானாக விழும்.

டீக்கடைக் கூட்டம்

உடம்பின் ஏக்கம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அதற்கப்புறம் இழுப்பது கூட்டாளிகள்தான். “அந்தப் பசங்களோட சேராதே” என்ற கட்டளை வேலை செய்யாது. ஊரில் இருப்பதே பத்துப் பையன்கள், அவர்களை விட்டால் அவன் யாரோடு போவான்? கூட்டத்தை விடச் சொல்லாதீர்கள், நேரத்தையும் இடத்தையும் மட்டும் இரண்டு வாரம் மாற்றச் சொல்லுங்கள். விளையாட்டு முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போகிறவன், முதலில் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். குளித்த உடம்போடும் நிறைந்த வயிற்றோடும் போகிறவனுக்குத் தேவை பாதிதான். கடையில் நிற்கும்போது வழக்கமாகச் சிகரெட் பிடிக்கும் கையில் டம்ளரைப் பிடிக்கட்டும்.

மறுக்கும் வார்த்தை சின்னதாக இருக்க வேண்டும். நீளமாக விளக்கினால் கிண்டலும் வாக்குவாதமும் வரும். “வேணாண்டா, மூச்சு வாங்குது, மேட்ச் இருக்குது.” அவ்வளவுதான். இரண்டாவது முறை நீட்டினால் அதே வார்த்தை. மூன்றாவது முறை, “நீ அடி, எனக்கு வேணாம்.” வீட்டில் மாமாவோ அண்ணனோ நண்பன் வேஷம் கட்டி நான்கைந்து முறை நீட்டிப் பார்க்க வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் வாய் பழகிய சொல்தான் சமயத்துக்கு வரும். கூட்டத்தில் இன்னொருவன் சேர்ந்து நிறுத்தினால் பாதி பாரம் இறங்கிவிடும், அப்படி ஒருவனைத் தேடிப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பொட்டலத்துக்கு மாறுகிறார்கள். ஹான்ஸ், கூல் லிப் என்று பிள்ளைகள் சொல்வதெல்லாம் அதே நிக்கோட்டின்தான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைப்பதால் வாசனை வராது. கீழுதட்டின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சுருக்கம், ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைப் பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஊதும் மின் சிகரெட்டுக்கு 2019இல் நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. அதை “நிறுத்த உதவும் கருவி” என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

சாப்பாடு, ஓட்டம், தூக்கம்

நிறுத்திய பிறகு பசி கூடும், எடையும் இரண்டு மூன்று கிலோ ஏறலாம். ஒல்லியான மலைப் பையனுக்கு அது நல்லதே. பசியை மிக்சர், பரோட்டாவில் கழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவனுக்குத்தான் எட்டு மணித் தம் தேவைப்படுகிறது. ஒரு உருண்டை ராகிக் களி, அல்லது இரண்டு டம்ளர் கம்பங்கூழ், கூட ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொள்ளு, பச்சைப்பயறு. மலையில் விளையும் சாமைச் சோறும் களியும் “ஏழை சாப்பாடு” என்று இளக்காரமாகிவிட்டது. ரொம்ப நேரம் பசி தாங்க அதைப்போல ஒன்று இல்லை.

இந்த வயதுக்கு நாளுக்கு 60 நிமிடம் வியர்க்கும் விளையாட்டு தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதோடு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் தேவை. கபடி, வாலிபால் இருக்கும் ஊரில் முதலாவது கஷ்டமில்லை. இரண்டாவதைக் கெடுப்பது செல்போன். பத்து மணிக்கு அதை அம்மாவின் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் ஏக்கம் இரட்டிப்பாக வரும்.

முன்னேற்றத்தைப் பையனே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டான். நிறுத்தும் நாளுக்கு முன் ஒரு மேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக வீட்டிலிருந்து மேல் ரோடு வரை. ஓடி ஏறிய நேரத்தைப் போனில் பாருங்கள். நின்ற ஒரு நிமிடம் கழித்து மணிக்கட்டில் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 7, 14, 30ஆம் நாட்களில் அதே மேடு, அதே நேரம், அதே செருப்பு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் அது இறங்கிவிடுவதால், ஏழாம் நாளே வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. தெரியாவிட்டாலும் பதறாதீர்கள், நுரையீரல் தேற இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும்.

மருந்தும் உதவி எண்ணும்

நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். மாத்திரைகளும் அப்படியே. இந்த வயதில் நன்றாக வேலை செய்வது பேச்சும் பின்தொடர்தலும்தான்.

புகையிலை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800 11 2356. பையன் தனியாகப் பேச ஒரு போனும் ஒரு மூலையும் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். அம்மா கேட்டுக்கொண்டு நின்றால் “ஆமாங்க, இல்லீங்க” என்று மட்டும் பேசி வைத்துவிடுவான். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும், அழைப்பு அறுந்தால் மறுபடி போடச் சொல்லுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்த மையங்கள் உண்டு. தூக்கமே இல்லாமல், பேச்சே இல்லாமல், “இருந்து என்ன” என்று சொன்னால் சிகரெட்டை மறந்துவிட்டு உடனே 14416க்குப் பேசுங்கள். அது 24 மணி நேர அரசு மனநல உதவி எண்.

கடையும் பள்ளியும்

2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே கூடாது. அபராதம் 200 ரூபாய் வரை. அதைக் கட்டிவிட்டு மறுநாள் விற்பது கடைக்காரருக்குப் பெரிய விஷயமில்லை. எனவே முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் நான்கு பேர் சேர்ந்து போய்க் கடைக்காரரிடம் பேசுங்கள். அவரும் ஊர்க்காரர், “அண்ணா, நம்ம பிள்ளைங்க” என்ற வார்த்தைக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. சிகரெட் போன இடத்தில் கடலை மிட்டாய், சுண்டல் விற்றால் வாங்குகிறோம் என்று சொல்லி, வாங்கவும் வேண்டும். கேட்காவிட்டால் சுகாதார ஆய்வாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார். பள்ளி வாசலிலிருந்து நூறு கஜத்தை அளந்து சாலையில் மஞ்சள் கோடு போடுவது அரசு வழிகாட்டுதலிலேயே உள்ளது, அந்த வேலையை மாணவர்களிடமே கொடுங்கள்.

மாட்டிய மாணவனுக்கு டி.சி. கொடுக்கும் பள்ளிகள் ஒரு தவறு செய்கின்றன. பள்ளியை விட்டவன் நேராகப் போவது தறிக்கும் லாரிக்கும். அங்கே தடுக்க ஆளில்லை.

தவறினால்

பெரும்பாலான பிள்ளைகள் முதல் முயற்சியில் தவறுவார்கள். ஒன்று பிடித்துவிட்டால், அதோடு எல்லாம் போனது என்று நினைத்து மறுநாள் ஐந்து பிடிப்பதுதான் உண்மையான ஆபத்து. தவறிய அன்று மூன்று கேள்வி போதும்: எங்கே, யாரோடு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது? விடையை அந்தப் பழைய தாள்களோடு சேர்த்து, மறந்துபோன ஓட்டையை அடைத்துவிட்டு அடுத்த நாளே தொடருங்கள். புதிதாக நாள் குறிக்கத் தேவையில்லை. ஒரே வாரத்தில் நான்கைந்து தடவை என்றால் மட்டும் ஐந்து நாள் கணக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நிறுத்திய 3, 7, 14, 30ஆம் நாட்களிலும், பிறகு மாதம் ஒருமுறையும் பேச்சுக் கொடுங்கள். “இன்னும் அடிக்கறியா?” என்று கேட்காமல் “எந்த நேரம் இன்னும் கஷ்டமா இருக்குது மாப்ள?” என்று கேளுங்கள். ஓராண்டுக்குள் வழுக்கும் நாட்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவைதான்: தேர்வு முடிவு வரும் நாள், முதல் சம்பளம், எருதாட்டம், ஊர் நோம்பி, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. கல்யாண வீட்டில் சமையல் பந்தலுக்குப் பின்னால் பெரியவர்களே பையனுக்கு நீட்டுவார்கள். அன்றைக்குப் பந்தியில் சாம்பார் வாளியை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பந்தி எழும்வரை இரண்டு கையும் காலியாக இருக்காது.